மிடறும் ஒரு வாத்தியமோ?

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று இசைக்கருவிகளை வகுத்த தமிழ் முன்னோர் அவற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணி அவ்வரிசையில் வைத்தனர். மிடறு பாடும், ஏனைய கருவிகள் துணை நிற்கும் என்பதே நாம் பொதுவாக அறிந்த முறை. ஆனால் அம்மிடறே துணைக்கருவியாகிச் சொல்லைத் துறந்து, முனகலாகவும் மூச்சாகவும் குலவையாகவும் விலங்கின் குரலாகவும் ஒலித்து மற்றொருவர் பாட்டுக்குப் பின்னணியாகும்போது அதனை என்னென்பது? பாட்டு என்பதா, வாத்தியம் என்பதா, வெறும் ஓசை என்பதா? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் திரையிசையில் இவ்வினோதம் நிகழ்ந்து வருகிறது. இன்று அது நம் மீலாது மேடைக்கும் வந்துவிட்டது. ஆகவே இதனைப் பற்றிச் சில கூறுவது காலத்திற்கேற்ற செயலாகும் எனக் கருதுகிறோம்.

மதரஸாவில் பாடம் நடத்துவோர் திரைப்பாட்டைப் பற்றி எழுதலாமா என வினவும் அன்பர்கள் இருப்பர். கள்ளிக்குப்பத்தில் குடியிருப்போர் காதை மூடிக்கொண்டு வாழ்தல் இயலாது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்லும் பேருந்திலும், தேநீர்க் கடையிலும், திருமண மண்டபத்திலும் அது நம்மைத் தேடி வருகிறது. வந்ததை ஆராய்ந்து நல்லது இது, அல்லது இது எனப் பிரித்தறிதல், வாராதது போல் நடித்தலினும் நேர்மையானது.

மிடற்றின் ஒலியை ஆராய்வதில் அரபு அறிஞர் காட்டிய நுட்பம் பெரிது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது தம் அகராதியை அலிஃபில் தொடங்காமல், தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ஐன் என்னும் எழுத்தில் தொடங்கினார். தொண்டையிலிருந்து உதடு நோக்கி ஒவ்வொரு படியாக வந்து எழுத்துகளை அடுக்கினார். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. 1002 ஆம் ஆண்டில் மறைந்த இப்னு ஜின்னீ ஒரு படி மேலே சென்றார். குழலின் துளைகளை விரல் மாறி மாறி மூடும்போது ஒலி மாறுவது போலவே, தொண்டையிலும் வாயிலும் காற்று வெவ்வேறிடங்களில் தடைப்படுவதால் வெவ்வேறு எழுத்துகள் பிறக்கின்றன என உவமித்தார். யாழ்போன்ற ஊது என்னும் கருவியின் நரம்பை விரல் அழுத்துமிடத்தையும் இதற்கு உவமையாக்கினார். இப்னு ஸீனா எழுத்துகள் பிறக்கும் காரணங்களைப் பற்றித் தனியே ஒரு சிறு நூல் எழுதினார். அதில் மனித வாயிலன்றிப் பிற பொருள்களின் மோதலிலும் உராய்விலும் எவ்வெவ்வெழுத்தின் சாயல் கேட்கும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார். எழுத்துக்கும் ஓசைக்கும் இடையே உள்ள வேலி எவ்வளவு மெல்லியது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டார்.

நம் தமிழிலக்கணமும் இத்துறையில் பின்தங்கியதன்று. தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைத்து, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளோடு கூடி எழுத்தாவதை முறைப்படுத்தினார். அதனினும் நமக்கு வியப்பளிப்பது யாப்பிலக்கண உரையாசிரியர் கூறும் ஒரு செய்தி. முற்கு, வீளை, இலதை, அநுகரணம் முதலியன எழுத்தல்லாத ஓசைகள் என அவர்கள் பெயரிட்டு வைத்தனர். வீளை என்பது சீழ்க்கை. அநுகரணம் என்பது பிறிதொன்றின் ஒலியைப் போலச் செய்தல். இத்தகைய ஓசை செய்யுளுக்குள் வந்தால் நடை கெடாமல் அதனை எவ்வாறு கொள்வது என்றும் ஆராய்ந்தனர். இன்றைய இசையமைப்பாளர் கணிப்பொறியின் முன்னமர்ந்து தீர்க்கும் அதே சிக்கல்தான் இது. ஏட்டுச்சுவடிக் காலத்துப் புலவர் அதனை எதிர்கொண்டிருக்கிறார்.

இனி, தஜ்வீத் பயின்ற எந்தப் பிள்ளையும் அறிந்த சில பெயர்களை நினைவூட்டுகிறோம். காஃப், அழுத்தமான தா, பா, ஜீம், தால் ஆகிய ஐந்தும் கல்கலா எழுத்துகள். ஸுகூன் பெற்று நிற்கும்போது அடைபட்ட காற்று சிறிது துள்ளி வெடித்து வெளிப்படுவதே கல்கலா. ஸாத், ஸீன், ஸாய் மூன்றும் சஃபீர் எழுத்துகள். சஃபீர் என்றால் சீழ்க்கை. ஷீன் எழுத்தில் காற்று வாயெங்கும் பரவுவதைத் தஃபஷ்ஷீ என்பர். மீமும் நூனும் மூக்கின் உள்ளறையில் ஒலிப்பது குன்னா. ஹம்ஸ் என்னும் மூச்சொலி பெற்ற எழுத்துகள் பத்து. ஆக, ஓதும் பிள்ளையின் வாய்க்குள்ளேயே முரசின் வெடிப்பும், சீழ்க்கையும், தாள உலோகத்தின் சிதறலும், தம்புராவின் ரீங்காரமும் இலக்கணப் பெயரோடு குடியிருக்கின்றன. திரையிசையில் 'ஹம்மிங்' என வழங்குவது உதடு மூடிய மீமின் குன்னாவேயன்றி வேறில்லை.

இவ்வளவும் முன்னுரை. இனித் தமிழ்த் திரையிசைக்கு வருவோம்.

1964 இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கிய பாட்டு ஒன்றுண்டு. டி.எம்.சௌந்தரராஜன் பாடுவார். எம்.எஸ்.விசுவநாதன் வாத்தியக் குழுவை நடத்துவது திரையிலேயே தெரியும். அதில் எல்.ஆர்.ஈஸ்வரிக்குச் சொல் கிடையாது. வயலின்களுக்கும் எக்காளங்களுக்கும் நடுவே அவர் குரல் சொல்லற்று ஏறி இறங்கும். பாடகி வாத்தியக்காரரின் வரிசையில் நின்று ஒரு வாத்தியமானார் என்பதற்கு அக்காட்சியே சான்று. இனிமையான பாட்டு, ஐயமில்லை. ஆனால் அந்த ஒலி இன்னும் அழகிய ஒலியே. வழக்கத்திற்கு மாறானது என்று அதனைச் சொல்வதற்கில்லை.

மாறானது 1969 இல் வந்தது. 'சிவந்த மண்' படத்தில் சாட்டையடியின் நடுவே பெண்ணொருத்தி ஆடுவதாக அமைந்த பாட்டினை நம் வயதினர் அனைவரும் வானொலியில் கேட்டிருப்பர். ஸ்ரீதர் இயக்கிய படம்; இசை விசுவநாதன்; பாடியவர் மீண்டும் ஈஸ்வரியே. சாட்டை சுழலும் ஒலிக்கு மறுமொழியாக அவர் தொண்டையிலிருந்து எழும் வீறிடலும் விம்மலும் சுருதியும் தாளமும் பிசகாமல் அதனதன் இடத்தில் வந்து விழும். மனித வேதனையின் ஒலி அங்கே தாளக்கருவியாகிவிட்டது. திறமை என்று பார்த்தால் அதற்கிணை காண்பதரிது. அலறல் என்பது கட்டுப்பாடு அழிந்தபோது எழுவது. அதனைக் கட்டுப்பாட்டோடு எழுப்புவதென்றால் மிடற்றின் மீது எவ்வளவு ஆட்சி வேண்டும்! ஆயினும் நாம் அப்பாட்டைக் கேட்குந்தோறும் மனத்தில் ஒரு நெருடல் உண்டாகிறது. அலறல் சொல்லன்று என்று இலக்கணம் கூறலாம். ஆனால் அது சொல்லினும் தெளிவாகப் பொருள் உணர்த்தும். உதவிக்கு வா என்பதே அதன் பொருள். அப்பொருளைக் கழித்துவிட்டு ஓசையை மட்டும் தாளிதமாகத் தூவுவது கேட்போரின் காதைத் தடிப்பாக்கும். பாடகியிடத்து நாம் குறை காணவில்லை. அவர் கேட்டதைச் செய்து கொடுத்தார், கேட்டதற்கு மேலும் செய்தார். கேட்டவர்களின் சுவையையே நாம் ஐயுறுகிறோம்.

1974 இல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண்கிறோம். கானகத்தில் நிகழும் ஒரு திருமணத்தைக் கதையாகச் சொல்லும் பாட்டு அது. கண்ணதாசன் இயற்ற, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாட, சதன் என்னும் பல்குரற் கலைஞர் பறவையும் விலங்குமாக ஒலித்தார். படத்தில் கமல்ஹாசன் மேடையில் பல்குரல் நிகழ்த்துபவராகத் தோன்றுகிறார். ஆகவே அவ்வோசைகள் காட்சிக்குப் பொருத்தமாகவும் அமைந்தன. சதனின் சிறப்பு யாதெனின், கிளியின் குரலைக் கிளியாகவும் கேட்கலாம், ஒரு மனிதன் கிளியாக விளையாடுவதாகவும் கேட்கலாம். இரண்டும் ஒருசேரக் கேட்பதில்தான் இன்பம். உண்மைக் கிளியின் ஒலிப்பதிவை அவ்விடத்தில் ஒட்டியிருந்தால் குழந்தைகள் கூடச் சிரித்திருக்க மாட்டார்கள். யாப்புரைகாரர் சொன்ன அநுகரணம் செய்யுள் நடை அழியாமல் அமைந்ததற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நாம் அறிந்த வரையில் இல்லை. பாட்டைப் பாடத் தெரிந்தவர் ஊருக்கு நூறு பேர் இருப்பர். அதனை இயற்றியவர் பெயரும் பாடியவர் பெயரும் நாவில் வரும். சதனின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் பலரும் விழிப்பர். இது பற்றி இறுதியில் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

சந்திரபாபு தொண்டையை நெஞ்சுக் குரலுக்கும் பொய்க்குரலுக்கும் இடையே திடீர் திடீரென உடைத்துப் பாடிய முறை ஆல்ப்ஸ் மலை இடையரிடமிருந்து அமெரிக்கா வழியாக வந்தது. வடக்கே கிஷோர்குமாரும் அதனைக் கையாண்டார். 1982 இல் வந்த ஓர் இந்திப் படத்தின் பின்னணி இசையில் ஆர்.டி.பர்மன், அனெட் பின்டோ என்ற பாடகியைத் தொண்டையில் நீரை நிறுத்திக் கொப்பளிக்கச் செய்து கொடியவனின் வருகைக்கு அவ்வொலியை அறிகுறியாக்கினார். வுளூச் செய்யும்போது நாம் அனைவரும் எழுப்பும் ஒலிதான். இடம் மாறினால் அச்சமூட்டுகிறது! 1979 இன் 'புதிய வார்ப்புகள்' படத்தில் இளையராஜா பெண்குரல்களைக் கொண்டே தாளச் சொற்கட்டுகளைக் கோத்துப் பாட்டுக்கு வாயில் அமைத்தார். கருநாடக இசையில் கொன்னக்கோல் என வழங்கும் பழைய கலையின் இளைய உறவினர் அது. இவையெல்லாம் வழிநடையில் காணும் ஊர்கள். நாம் தங்க வேண்டிய ஊர் வேறு.

1993 ஆம் ஆண்டு, மணிரத்னத்தின் 'திருடா திருடா'. இசை ஏ.ஆர்.ரஹ்மான். பாட்டு 'ராசாத்தி'. வைரமுத்து இயற்றியது. பாடியவர் சாகுல் ஹமீது. அப்பாட்டில் வாத்தியம் இல்லை. மத்தளம் இல்லை, குழல் இல்லை, நரம்பு இல்லை. அதே படத்தின் மற்றப் பாடல்களில் அக்காலத்துப் புதிய மின்னணுக் கருவிகள் அனைத்தையும் குவித்த ரஹ்மான், இப்பாட்டில் கைகளைக் கட்டிக்கொண்டார். ஒரு தனிக்குரல், அதனைச் சூழ்ந்து ஒரு குரற்கூட்டம், அவ்வளவே.

அக்குரற்கூட்டம் செய்யும் வேலையை உற்றுக் கேட்க வேண்டும். தாழ்ந்த ஆண்குரல்கள் தரையாகக் கிடக்கின்றன. அவற்றின் மீது உயர்ந்த பெண்குரல்கள் தொலைவிலுள்ள வயல்வெளியைப் போல் விரிகின்றன. தனிக்குரல் நிறுத்திய இடத்தில் அவை மூச்செடுத்துத் தொடர்கின்றன. பிரிவாற்றாமையைச் சொல்லும் பாட்டுக்குத் தாளம் அடித்தால் ஆற்றாமை ஆட்டமாகிவிடும். தாளத்தை நீக்கிவிட்டால் பாட்டு சிதறிவிடும். இவ்விரு இடர்களுக்கும் இடையே ரஹ்மான் கண்ட வழி, தாளத்தை மூச்சிடம் ஒப்படைத்தது. ஊரார் கூடி நின்று ஒருவன் துயரத்தைத் தாங்குவது போன்ற உணர்வு அதனால் உண்டாகிறது. வயலின் கூட்டம் எவ்வளவு உருகினாலும் அது ஊராராக முடியாது. மனிதக் குரல்தான் மனிதர் அருகிலிருப்பதைச் சொல்லும்.

நம் சமூகத்தார்க்கு இவ்வமைப்பு புதியதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சென்னையிலும் ஷாதுலிய்யா தரீக்காவினரின் ஹல்காவில் அமர்ந்தவர் இதனை அறிவர். ஜமாஅத்தார் திருநாமத்தை ஒரே மூச்சொழுங்கில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் குரலுயர்த்திக் கஸீதாவை இசைப்பார். அங்கே நெஞ்சின் ஏற்ற இறக்கமே தாளம். ரஹ்மான் இதிலிருந்துதான் அதை எடுத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. மேனாட்டுத் தேவாலயக் குரலிசையும் ஆப்பிரிக்கக் குரலிசையும் அவர் அறிந்தவையே. ஆனால் ஹல்காவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அப்பாட்டின் கட்டுமானம் அயலாகத் தோன்றாது என்பது மட்டும் உறுதி.

சாகுல் ஹமீதின் குரலைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். மெருகிட்ட குரலன்று அது. ஓரங்களில் சிறிது மண் ஒட்டிய குரல். 'ஜென்டில்மேன்' படத்தின் உசிலம்பட்டிப் பாட்டிலும், 1994 இல் 'காதலன்' படத்தின் ஊர்வசிப் பாட்டிலும் அதே குரல் துள்ளித் திரிந்தது. 'ராசாத்தி'யில் வாத்தியத்தின் மறைப்பு ஏதுமின்றி அது தனித்து நிற்கிறது. சிறு பிசிறும் கேட்கும். அப்பிசிறுகளே பாட்டின் உயிர். நடுவயதிலேயே சாலை விபத்தில் அவர் மறைந்தார். நாகூர் ஹனிபா அவர்கள் 2015 இல் மறைந்தபோது நம் இல்லங்கள் துயருற்றன, அது தகும். சாகுல் ஹமீது என்ற பெயரை நம் பிள்ளைகளிடம் கூறினால் நாகூர் ஆண்டகையை மட்டுமே நினைக்கிறார்கள். திரைப்பாடகர் என்பதால் மறந்தோமோ, அறியோம். அவர் பாடிய சிறந்த பாட்டில் வாத்தியமே இல்லை என்பதையேனும் நம்மவர் கவனித்திருக்கலாம்.

1995 இல் 'மாயா பஜார்' என்னும் படத்தில் இளையராஜாவும் குரல்களை மட்டும் அடுக்கி ஒரு பாட்டு அமைத்தார். அது குதூகலப் பாட்டு. ஒரு குரல் தாளமாகவும், ஒரு குரல் அடிச்சுருதியாகவும், ஒரு குரல் மறுமொழியாகவும் ஒன்றையொன்று துரத்தி விளையாடும். கணக்கின் நேர்த்தி அதில் மிகுதி. இரண்டில் எது உயர்ந்தது எனக் கேட்டால், கணக்கை வியக்க அது, நெஞ்சை நனைக்க இது என்போம். நமக்குப் பின்னதே போதும்.

மேனாட்டில் 1975 இல் ஓர் ஆங்கிலக் குழுவினர் ஒவ்வொரு சுரத்தையும் 48 குரல்களாகப் பெருக்கி நாடாவில் பதித்து, அந்நாடாக்களைச் சுழலவிட்டு ஒரு பாட்டுக்குப் பின்னணியாக்கினர். கேட்போர் அதனை முதலில் ஏதோ மின்னணுக் கருவி என்றே எண்ணக்கூடும். 1988 இல் பாபி மெக்ஃபெரின் என்னும் கறுப்பினக் கலைஞர் தம் வாயையும் உடலையும் தவிர வேறெதனையும் பயன்படுத்தாமல் ஒரு பாட்டைப் பதிவு செய்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆழமானது. முன்னதில் மனிதக் குரல் இயந்திரமாக்கப்பட்டது. பின்னதில் ஒரு மனிதன் தன்னையே பல மனிதராக்கினான். இடைக்காலத்தில் நியூயார்க் நகரத் தெருக்களில், தாள இயந்திரம் வாங்கப் பணமில்லாத இளைஞர்கள் அவ்வியந்திரத்தின் ஒலியை உதட்டாலும் நாவாலும் எழுப்பக் கற்றனர். இயந்திரம் முரசைப் போலச் செய்ய, வாய் இயந்திரத்தைப் போலச் செய்தது. 'பீட்பாக்ஸிங்' என்னும் அக்கலைதான் இன்று கைப்பேசி வழியாகக் கள்ளிக்குப்பத்துப் பிள்ளைகளின் வாயில் புகுந்திருக்கிறது.

நம்மிடம் ஓதிய மாணவனொருவனின் தாயார் ஒரு நாள் மாலை வந்து, "அஸ்ரத், பையன் ராத்திரி பகலா வாயாலேயே மேளம் அடிக்கிறான். மீலாது மேடையிலே பைத்துக்குப் பின்னாடி அதையே பண்ணப் போறானாம். இது ஆகுமா, ஆகாதா?" எனக் கேட்டார். பையனை அழைத்து அடித்துக் காட்டச் சொன்னோம். உதட்டை அடைத்து வெடிக்கும் பா பெருமுரசாயிற்று. நுனிநாவின் தா, ஸீனோடு சேர்ந்து தாள உலோகமாயிற்று. பின்னாவில் எழுந்த காஃப் சிறுபறையாயிற்று. கல்கலாவில் அவனுக்கு எவ்வளவு முயன்றும் வராத துள்ளல் இதில் தெள்ளென வந்தது! "இதே பாவை ஓதும்போது எங்கே வைத்தாய்?" என்றோம். சிரித்துக்கொண்டு தலை குனிந்தான்.

தாயாரின் கேள்விக்கு ஷரீஅத்தின் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் வேலையன்று. இசைக்கருவிகளைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தஃப் பற்றிய சலுகையும் அறிந்ததே. வாயால் கருவியொலி எழுப்புவது பற்றி இக்கால ஆலிம்கள் இருவகையாகவும் கூறுகின்றனர். தீர்ப்பு வேண்டுவோர் தத்தம் ஆலிமை நாடுக. இலக்கிய நோக்கில் மட்டும் இரு செய்திகளை இங்கு வைக்கிறோம்.

முதலாவது, இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் ஸமாஃ பற்றிய பகுதியில் கூறிய ஒரு நுட்பம். ஒலிகளின் மூலம் உயிர்களின் தொண்டையே. குழல்கள் அத்தொண்டையின் ஒலியைப் பார்த்துச் செய்யப்பட்டவையே. அது படைப்பைப் பார்த்து மனிதன் செய்த கைவேலை என்னும் கருத்தை அவர்கள் விளக்குகிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதுதலைக் கேட்டு, தாவூத் (அலை) குடும்பத்தாரின் குழல்களுள் ஒன்று அவருக்கு அருளப்பட்டிருப்பதாக வியந்தார்கள். குரலைக் குழல் என்றது அங்கே உயர்வுக்காக. தொண்டை மூலம், கருவி நகல். இன்று வாய்த்தாளம் போடும் பிள்ளை நகலின் நகலைத் தொண்டைக்குள் கொண்டுவருகிறான். மூலம் நகலைப் போலச் செய்வது இழுக்கன்று. ஆனால் மூலத்திடம் அதனினும் மேலான செல்வம் உண்டென்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இரண்டாவது, நம் பிள்ளைகள் இக்காலத்தில் பெரிதும் கேட்கும் நஷீத் பதிவுகளைப் பற்றியது. 'வாத்தியமில்லை, குரல் மட்டும்' என்னும் குறிப்போடு வருகின்றன. அவற்றுட் சில நல்லவை. பலவற்றில் நடப்பது யாதெனில், ஒருவரின் குரலில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துக் கணிப்பொறியில் இட்டு, அதன் தடிப்பையும் நீளத்தையும் மாற்றி, பெருமுரசு போலவும் நரம்பிசை போலவும் ஆக்கி, ஆயிரம் முறை ஒட்டிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது தொண்டை என்பதே தெரியாது. குறிப்பில் எழுதியிருப்பது சொல்லளவில் மெய். ஆயினும் கேட்பவர் காதுக்குச் சென்று சேர்வது முரசுதான். முரசு கேட்க விரும்புவோர் முரசு என்று சொல்லிக் கேட்கலாம். வேண்டாதோர் உண்மையான குரலைக் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவில் நின்று தாளிட்ட கதவின் சந்து வழியே நுழைவது கலையுமன்று, பேணுதலுமன்று.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அப்பதிவுகளில் மூச்சில்லை. மனிதக் குரற்கூட்டம் எங்கேனும் மூச்செடுத்தே ஆகவேண்டும். 'ராசாத்தி'யில் அம்மூச்சுகள் கேட்கும், அவை பாட்டின் இலக்கணத்தோடு ஒட்டியே விழும். வெட்டி ஒட்டிய குரலுக்கு மூச்சு வேண்டாம், ஆகவே அது நிற்பதே இல்லை. ஓதுவோர்க்கு வக்ஃபின் அருமை தெரியும். எங்கே நிறுத்துவது, எங்கே நிறுத்தலாகாது என்பதில் பொருளே புரண்டுவிடும். கஸீதாவிலும் பைத்திலும் முனாஜாத்திலும் அத்தகைய நிறுத்தங்கள் உண்டு. கவிஞன் ஒரு மிஸ்ராவை முடித்து நம்மைச் சிந்திக்க விட்டுச் செல்லும் இடத்தில் பின்னணித் தாளம் இடித்துக்கொண்டே போனால் அப்பாட்டு யாருக்காக எழுதப்பட்டது? குரலால் எழுப்பினாலும் கருவியால் எழுப்பினாலும் இக்குறை ஒன்றே. சொல்லுக்கு இடம் விட்டு நிற்கத் தெரிந்த பின்னணியே நற்பின்னணி. தொண்டையிலிருந்து பிறந்தது என்ற ஒரே காரணத்தால் அதற்கு நற்சான்று வழங்க இயலாது.

குலவையை நினைத்துப் பாருங்கள். தென்மாவட்டங்களில் நம் மணவீடுகளில் பெண்கள் நாவை விரைந்தசைத்து எழுப்பிய அவ்வொலியை முதியோர் பலர் கேட்டிருப்பர். அரபு நாடுகளில் அதற்கு ஸகாரீத் என்று பெயர். அது எழுத்தன்று, சொல்லன்று, சுரமுமன்று. ஆனால் அது எழும் நேரம் தவறுவதில்லை. நிக்காஹ் முடிந்ததும், மணமகன் வாயிலில் கால் வைத்ததும் எழும், அடங்கும். இந்த ஓசையில் ஒரு வீடு முழுவதும் பேசுகிறது. திரையிசையாளர் இதனை எடுத்து இரண்டு சரணங்களுக்கு இடையே இட்டு நிரப்பும்போது ஓசை வருகிறது, வீடு வருவதில்லை.

அந்த மாணவனிடம் நாம் சொன்னது இவ்வளவே. பைத்தின் முதல் இரண்டடி முழுவதும் வாய் திறக்கலாகாது. தோழன் மூச்செடுக்கும் இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விடங்களில் தாளமும் மூச்செடுக்க வேண்டும். முரசைவிட உதடு மூடிய குன்னாவை நீட்டிப் பழகுதல் நலம். தாயாரிடம் அவர் பள்ளிவாசல் இமாமைக் கேட்டுக்கொள்ளுமாறு கூறினோம். அவர் கேட்டார். இமாம் பிள்ளையை அழைத்து ஒருமுறை கேட்டுவிட்டு, கைதட்டலும் சீழ்க்கையும் வேண்டாம், மற்றபடி பாடட்டும் என்றாராம்.

மேடையில் அவன் பெரும்பாலும் நாம் சொன்னபடியே செய்தான். கடைசியடியில் மட்டும் ஆசை தாங்காமல் இரண்டு வெடிப்பு கூட்டிவிட்டான். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து சென்றார், பின்வரிசையில் பிள்ளைகள் ஆரவாரித்தனர். குன்னாவைத் தாழ்த்தி நீட்டி அவன் தாங்கிய இடத்தில் பாடியவனின் குரல் முன்னெப்போதும் கேளாத அளவு நிமிர்ந்து நின்றதை இவ்விரு சாராரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பாடியவனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழில் அவன் பெயர் மட்டுமே இருந்தது. மறுவாரம் நாம் விழாக் குழுவினரைக் கண்டு, பின்னணிக் குரல் கொடுத்தவனின் பெயரையும் எழுதித் தருமாறு கேட்டோம். "அவன் பாடலையே, அஸ்ரத், சும்மா சத்தம்தானே போட்டான்" என்றனர். சதனின் கதையையும், 'ராசாத்தி'யின் பின்னே நின்ற பெயரறியாத குரல்களையும் அவர்களுக்கு எடுத்துரைத்தோம். சான்றிதழை வாங்கி வைத்திருக்கிறார்கள், பெயர் இன்னும் எழுதப்படவில்லை.